அலென்தேஜுவில் காரோட்டும் கோடை விடுமுறை: முதன்முறை செல்லும் தம்பதியருக்கு

போர்ச்சுகலின் தெற்குப் பகுதியில், தேஜு ஆற்றைத் தாண்டியவுடன் தொடங்கும் பெரும் சமவெளிக்கு அலென்தேஜு என்று பெயர். ‘தேஜுவுக்கு அப்பால்’ என்பதே அந்தப் பெயரின் பொருள். நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இது. ஆனால் இங்கே வாழும் மக்கள் மிகக் குறைவு. தக்கை மரத் தோப்புகளும் ஒலிவத் தோட்டங்களும் அறுவடை முடிந்த கோதுமை வயல்களும் மாறி மாறி வர, இடையிடையே குன்றின் மேல் சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கிராமம் ஒன்று தென்படும். ரயிலும் பேருந்தும் பெரிய ஊர்களோடு நின்றுவிடுவதால், இந்த நாட்டுப்புறத்தைப் பார்க்க வேண்டுமானால் சொந்தமாகக் கார் ஓட்டித்தான் ஆக வேண்டும். ஐரோப்பாவில் இதுவரை கார் ஓட்டிப் பழக்கமில்லாத கணவன் மனைவி இருவர், கோடையில் பத்து நாள் இங்கே நிதானமாகச் சுற்றிவர என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் முறை போனபோது நாங்கள் பத்து நாளுக்குப் பதினான்கு ஊர்களை எழுதி எடுத்துக்கொண்டு போனோம். நான்காம் நாள் அந்தத் தாளை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டோம். இந்த வெயிலில் ஒரு நாளைக்கு ஓர் ஊருக்கு மேல் பார்க்க முடியாது என்பதை உடம்பு எங்களுக்கு முன்பே தெரிந்துகொண்டது.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஜூன் மாதத்தின் முதல் மூன்று வாரங்களே சிறந்தவை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். 40ஐத் தொடும் நாள்களும் வரும். 2003 ஆகஸ்ட் 1 அன்று இப்பகுதியின் அமரலேஜா என்ற சிற்றூரில் வெப்பம் 47 டிகிரியைக் கடந்து, போர்ச்சுகலின் உச்சப் பதிவானது. சென்னை வெயிலையும் மதுரை வெயிலையும் பார்த்தவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். வேறுபாடு ஈரப்பதத்தில் இருக்கிறது. இங்கே காற்று உலர்ந்தது. வியர்வை வெளியே தெரியாமலே காய்ந்துவிடும் என்பதால், தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் தலைவலி வந்த பிறகுதான் தண்ணீர் நினைவுக்கு வரும். அதே உலர்காற்றின் புண்ணியத்தால் இரவுகள் இதமாகக் குளிர்ந்துவிடுகின்றன. ஆகஸ்டில்தான் விடுமுறை கிடைக்கும் என்பவர்கள் நீச்சல் குளம் உள்ள தங்குமிடத்தைப் பார்த்துக்கொள்வதோடு, ஆகஸ்ட் 15 அரசு விடுமுறை என்பதையும், வெளிநாடுகளில் வேலை செய்யும் போர்ச்சுகீசியர்கள் சொந்த ஊர் திரும்பும் மாதம் அது என்பதையும் கருதி முன்கூட்டியே அறை பிடித்துவிட வேண்டும்.

ஆவணங்கள்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள் என்று விதி சொன்னாலும், கோடைக்காலத்தில் நேர்காணலுக்கான நாள் கிடைப்பதே கடினம் என்பதால் மூன்று மாதம் முன்னதாகத் தொடங்குவது நல்லது. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ வரை ஈடுசெய்யும் பயணக் காப்பீடும் கட்டாயம்.

ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தருவது ஓராண்டுக்குச் செல்லும். அது தனியாகச் செல்லாது. அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும். இருவரும் ஓட்டுவதாக இருந்தால் இருவரும் எடுக்க வேண்டும். ஒருவர் மட்டுமே ஓட்டும் விடுமுறை அந்த ஒருவருக்கு விடுமுறையாக அமைவதில்லை என்பதால், இரண்டாம் ஓட்டுநரைச் சேர்ப்பதற்கான கூடுதல் கட்டணம் கொடுக்கத் தகுந்ததே. தவிர, மதிய உணவின்போது ஒருவர் ஒயின் குடித்தால் மற்றவர் ஓட்டலாம். இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் மதுவே இங்கே சட்ட வரம்பு, உரிமம் பெற்று மூன்றாண்டு ஆகாதவர்களுக்கு 0.2.

காரை முன்பதிவு செய்யும்போது

மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். முதலாவது, தானியங்கி கியர் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்பது. ஒன்றும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் கையால் மாற்றும் கியர் வண்டியே கிடைக்கும். இடப்பக்கம் அமர்ந்து வலக்கையால் கியர் மாற்றிக்கொண்டு சாலையின் வலப்புறமாக ஓட்டுவது ஒரே நாளில் பழகக்கூடியதல்ல. இரண்டாவது, கிரெடிட் கார்டு. முதல் ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டைத்தான் நிறுவனங்கள் கேட்கும். அதில் ஒரு கணிசமான தொகையைப் பிணையாக நிறுத்திவைப்பார்கள், ஆகவே கார்டின் வரம்பில் இடம் இருக்கட்டும். மூன்றாவது, காப்பீட்டு ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகள். முழுக் காப்பீடு என்று விற்கப்படுவதில்கூட டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி ஆகியவை விலக்கப்பட்டிருக்கலாம். மண் சாலையில் ஏற்படும் சேதம் பல ஒப்பந்தங்களில் சேராது. இந்தக் கடைசி வரியை நான் படிக்காமல் கையெழுத்திட்டேன். அதன் விலையைப் பிறகு சொல்கிறேன்.

சிறிய காரே போதும். கிராமத் தெருக்கள் நம் அக்ரகாரத்துச் சந்துகளைவிட ஒடுங்கியவை.

எங்கே, எத்தனை இரவு

ஒவ்வோர் இரவும் ஓர் ஊர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதே இத்தகைய பயணத்தைக் கெடுக்கும் முதல் தவறு. லிஸ்பனில் ஓரிரவு, இப்பகுதியின் முக்கிய நகரான எவோராவுக்கு அருகே நான்கு இரவு, மொன்சராஸ் பக்கம் ஏரிக்கரையில் இரண்டு இரவு, அட்லாண்டிக் கரையில் இரண்டு இரவு என்று பிரித்துக்கொண்டால், மூன்றே முறைதான் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். ஒன்பது இரவும் எவோரா பக்கமே தங்கிவிடுவதாக யாராவது சொன்னால் அதையும் நான் ஆதரிப்பேன்.

நகருக்குள் விடுதி எடுப்பதைவிட, வெளியே வயல் நடுவே இருக்கும் பண்ணை வீட்டில் தங்குவதே இங்கே அழகு. இவற்றை ‘மோன்த்’ என்பார்கள். பண்ணையைச் சுற்றிலும் பார்க்கும்படி சிறு மேட்டில் கட்டப்பட்டவை. நீளமான ஒரே தள வீடு, இடித்து இறுக்கிய மண்ணால் ஆன பருத்த சுவர், வெள்ளைச் சுண்ணாம்பு, அடியில் நீலப்பட்டை, சிறிய ஜன்னல், பெரிய புகைபோக்கி. பகல் முழுவதும் ஜன்னல் கதவுகளைச் சாத்தி வைப்பது இந்த வீடுகளின் நடைமுறை. வெளிச்சம் வேண்டுமே என்று நம்மவர்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் பிறகு அறை கொதிக்கிறது என்று வீட்டுக்காரரிடம் குறைபடுவதுண்டு. காலை ஒன்பதுக்குள் மூடிவிட்டு, இரவு திறக்க வேண்டும்.

காரை எடுக்கும் நாள்

விமானத்திலிருந்து இறங்கிய தூக்கக் கலக்கத்தோடு காரை எடுக்க வேண்டாம். ஓரிரவு தூங்கி எழுந்து, முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில், நகரம் விழிப்பதற்கு முன் எடுங்கள். கவுண்டரில் இருந்தவர் சாவியை நீட்டி ‘ஷாவ்’ என்று சொன்னபோது, அவர் தமிழில் பேசிவிட்டார் என்றே ஒரு கணம் நினைத்தேன். சாவி அவர்களிடமிருந்து நமக்கு வந்த சொல்தான். ஜன்னல், மேசை, அலமாரி, வராந்தா, ஏலம், மேஸ்திரி எல்லாம் அப்படித்தான். யாழ்ப்பாணத்தார் சொல்லும் பாணும் சப்பாத்தும் குசினியும்கூட இங்கே ஏறக்குறைய அதே ஒலியில் புழங்குகின்றன. பத்து நாளும் கடைப் பலகைகளில் இவற்றைத் தேடிக்கொண்டே வருவது நல்ல பொழுதுபோக்கு.

வண்டியை நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும், சக்கர விளிம்புகளும், கூரையும் தெரியும்படி மெதுவாக ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிரும் மேலங்கியும் எச்சரிக்கை முக்கோணமும் வண்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழுதாகி நின்றால் இரண்டும் சட்டப்படி தேவை. ஸ்டெப்னி உண்டா, அல்லது பஞ்சரை அடைக்கும் பசைக் குப்பி மட்டுமா என்று டிக்கியைத் திறந்து பார்ப்பதும் முக்கியம். பிறகு வாகன நிறுத்தத்துக்குள்ளேயே இரண்டு சுற்று ஓட்டிப் பாருங்கள். இந்தியக் கார்களில் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் இருக்கும் இண்டிகேட்டர் இங்கே இடக்கைப் பக்கம் இருப்பதால், திரும்பும்போதெல்லாம் வானம் வெளுத்துக் கிடக்கையில் வைப்பர் ஓடும். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

சாலைச் சுங்கத்துக்கு ‘வியா வெர்த்’ என்ற மின்னணுக் கருவியை வாடகை நிறுவனத்திடமே சிறு தினக் கட்டணத்தில் பெறலாம். அது இருந்தால் பச்சை அடையாளமிட்ட வழியில் நிற்காமல் போகலாம். இல்லாவிட்டால் அந்த வழியில் தவறியும் நுழையக்கூடாது. கருவியே வேண்டாம் என்றாலும் எவோராவுக்குச் செல்லும் நெடுஞ்சாலைகளில் நுழைவில் சீட்டு எடுத்து, வெளியேறும் இடத்தில் கார்டிலோ பணமாகவோ கட்டிவிடலாம். வாஸ்கோ ட காமா பாலத்தில் லிஸ்பனை நோக்கி வரும்போதுதான் கட்டணம், வெளியேறும்போது இல்லை. 1998இல் திறந்த அந்தப் பாலம் அணுகுபாதைகளோடு சேர்ந்து ஏறக்குறைய 17 கிலோமீட்டர் நீளம். வலத்தட வாகன ஓட்டத்தைப் பழகுவதற்கு, எதிரே வண்டி வராத இந்த நீளத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கிருந்து எவோரா ஒன்றரை மணி நேரப் பயணம்.

சாலை விதிகள்

நெடுஞ்சாலையில் 120, ஊருக்கு வெளியே உள்ள சாதாரணச் சாலையில் 90, ஊருக்குள் 50 என்பதே வேக வரம்பு. பல கிராமங்களின் நுழைவில் வேகத்தை அளக்கும் சிக்னல் ஒன்று நிற்கும். 50ஐத் தாண்டி வந்தால் சிவப்பு விழும், மெதுவாக வந்தால் விழாது. குறுக்குச் சாலையே இல்லாத இடத்தில் திடீரென்று சிவப்பு எரிகிறதே என்று குழம்ப வேண்டாம். அது உங்களுக்காகவே எரிகிறது. ரவுண்டானாவுக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை. இரண்டு தடம் உள்ள ரவுண்டானாவில், முதல் வழியிலேயே வெளியேறுபவர்கள் மட்டும் வெளித்தடத்தில் செல்ல வேண்டும். மற்றவர்கள் உள்தடத்தில் சுற்றி, தங்கள் வழி நெருங்கும்போது வெளியே வர வேண்டும். எந்தப் பலகையும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதியும் உண்டு. கிராமத் தெருக்களில் இதை மறந்தால் உரசல்தான்.

பெட்ரோல் பங்கில் ஒரு பொறி இருக்கிறது. ‘கஸொலினா’ என்றால் பெட்ரோல். ‘கஸோலியு’ என்றால் டீசல். இரண்டும் காதுக்கும் கண்ணுக்கும் ஒன்றுபோலவே படும். பெயரை நம்பாமல் குழாயில் ஒட்டியிருக்கும் அடையாளத்தைப் பாருங்கள்: வட்டம் பெட்ரோலுக்கும் சதுரம் டீசலுக்கும் ஐரோப்பா முழுவதற்கும் பொதுவானவை, வண்டியின் எண்ணெய் மூடிக்குள்ளும் அதே அடையாளம் இருக்கும். நாட்டுப்புறத்தில் பங்குகள் தொலைவுக்கு ஒன்றாக இருப்பதால், பாதித் தொட்டி ஆனதும் நிரப்பிவிடுவது நல்லது.

வழி காட்டும் வேலையை ஓட்டாதவர் ஏற்க வேண்டும். ஆனால் கைப்பேசியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. மூன்றாம் நாள் மாலை, பத்து நிமிடம் மிச்சமாகும் என்று அது காட்டிய வழியில் திரும்பினோம். முதல் ஒரு கிலோமீட்டர் தார், பிறகு சரளை, பிறகு கோடைக்குக் காய்ந்த ஓடையின் கூழாங்கல். இடப்பின் சக்கரம் பக்கவாட்டில் கிழிந்தது. டிக்கியில் இருந்த பசைக் குப்பி பக்கவாட்டுக் கிழிசலுக்கு உதவாது. என் கணவர் எதுவும் பேசவில்லை, அதுதான் அதிகமாகக் கேட்டது. இழுவை வண்டி வர இரண்டரை மணி நேரம் ஆனது, மண் சாலை என்பதால் டயரும் இழுவைக் கூலியும் எங்கள் கணக்கிலேயே விழுந்தன. வாடகை நிறுவனத்தின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஒப்பந்தத்தில் அது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. ஆகவே வரைபடத்தில் எண்ணிட்ட சாலைகளையே தேர்ந்தெடுங்கள், ‘தெர்ரா பத்தீதா’ என்ற சொல் தென்பட்டால் அது மண் சாலை என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஒரு நாளை வகுத்துக்கொள்ளும் முறை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாகவே இருக்கட்டும். ஏழு மணிக்குக் கிளம்புங்கள். எட்டு மணிக்குப் பார்க்க வேண்டிய இடத்தில் இருங்கள். பன்னிரண்டரைக்கு உணவகத்தில் உட்காருங்கள், இரண்டரைக்கு அறைக்குத் திரும்பி ஆறு மணிவரை வெளியே வராதீர்கள். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு ஒன்பது ஆகும். எனவே ஆறு மணிக்குப் பிறகும் முழு மூன்று மணி நேர வெளிச்சம் கையில் இருக்கிறது, அதுவே நாளின் அழகான பகுதியும்கூட. தங்குமிடம் மாறும் நாள்களைத் தவிர, ஒரு நாளைக்கு மொத்த ஓட்டம் 100 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும்.

ஊர்க்காரர்களும் இப்படித்தான் வாழ்கிறார்கள். ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை கடைகள் சாத்தப்படுகின்றன, தெருவில் நாய்கூட நிழலைவிட்டு நகர்வதில்லை. அலென்தேஜுக்காரர்களின் மந்தத்தைப் பற்றி மற்றப் போர்ச்சுகீசியர்கள் சொல்லிச் சிரிக்கும் துணுக்குகள் ஏராளம். ஆகஸ்ட் மதியம் ஒருமுறை அவர்களுடைய சதுக்கத்தைக் குறுக்கே கடந்து பார்த்தால், அந்தத் துணுக்குகளில் யார் அறிவாளி என்பது விளங்கிவிடும்.

எவோராவைச் சுற்றி நான்கு நாள்

எவோராவை ஒரு முழுக் காலையில் பார்க்கலாம். மதிலுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே உள்ளே செல்லுங்கள். உள்ளே ஓட்டினால் ஒருவழித் தெருக்கள் உங்களைச் சுற்றவைத்து மறுபடியும் வெளியே தள்ளிவிடும். 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள நகரம் இது. ரோமானியக் கோயிலின் கருங்கல் தூண்கள் முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பதினாறாம் நூற்றாண்டில் வளைவுகளின் மேல் கட்டிய நீர்க்கால்வாய், ஊருக்குள் வந்து தாழும் இடத்தில், அதன் வளைவுகளுக்கு அடியிலேயே மக்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தை ஒட்டிய எலும்புக் கோயிலின் வாசலில், ‘இங்கிருக்கும் எலும்புகளாகிய நாங்கள் உங்களுடையவற்றுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று பொறித்திருக்கிறது, சுவரெல்லாம் மண்டையோடு. தேனிலவுக்கு வந்தவர்கள் இதை மாலையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு காலை, நகருக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள அல்மென்த்ரஸ் கல்வட்டத்துக்கு. ஏறக்குறைய 95 கற்கள், தொடக்கம் கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் ஆயிரமாண்டில். கடைசிச் சில கிலோமீட்டர் மண் சாலைதான். மெதுவாகப் போகலாம், ஆனால் மேலே சொன்ன ஒப்பந்த விதியை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் இறங்கித் தக்கை மரம் ஒன்றின் அருகே நின்று பாருங்கள். அடிமரம் கழுத்தளவுக்குமேல் உரிக்கப்பட்டு, செங்காவி நிறத்தில் வழுவழுப்பாக இருக்கும். உரித்த இடம் முடிந்து பழைய பட்டை தொடங்கும் விளிம்பு, சட்டைக் கை மடித்துவிட்டதுபோலத் தடித்திருக்கும். அந்தச் சிவப்பில் வெள்ளைச் சாயத்தால் ஒற்றை எண் எழுதியிருப்பார்கள். 4 என்றால் 2024இல் உரித்தது என்று பொருள். ஒன்பது ஆண்டு கழித்து, 2033இல்தான் மறுபடியும் அந்த மரத்தில் கோடரி படும். நட்ட மரம் முதல் உரிப்புக்கு ஏறத்தாழ 25 ஆண்டு காத்திருக்கிறது. உரிப்பு மே முதல் ஆகஸ்டுவரை நடப்பதால், ஜூனில் சென்றால் காலை வேளையில் ஆட்கள் வேலை செய்வதையே பார்க்க வாய்ப்புண்டு.

சனிக்கிழமையை எஸ்ட்ரமோஸுக்கு ஒதுக்குங்கள். அன்று அங்கே பெரிய சதுக்கத்தில் சந்தை கூடும்: பாலாடைக்கட்டி, ஒலிவம், வெயிலில் பழுத்த தக்காளி, பழைய சாமான்கள். யுனெஸ்கோ 2017இல் மரபுப் பட்டியலில் சேர்த்த களிமண் பொம்மைகளும் இவ்வூருடையவை. கொலுவுக்கு ஒன்று வாங்கி வந்தோம். அங்கிருந்து போர்பா வழியாக விலா விசோசா இருபது கிலோமீட்டர்கூட இல்லை. மூன்று ஊருமே சலவைக்கல் சுரங்கத்தின் மேல் இருப்பவை; வீட்டு வாசற்படியும் நடைபாதை விளிம்பும்கூடச் சலவைக்கல்தான். சுரங்கங்களின் விளிம்புக்குப் போய்ப் படம் எடுக்காதீர்கள். 2018 நவம்பரில் போர்பாவுக்கும் விலா விசோசாவுக்கும் இடையிலிருந்த பழைய சாலையின் ஒரு பகுதி குவாரிக்குள் சரிந்து ஐந்து பேர் இறந்தனர்.

விலா விசோசாவுக்குத் தமிழர்கள் போக வேண்டிய காரணம் தனியானது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மண்ணில் தமிழ் எழுத்திலேயே அச்சேறிய முதல் நூல். அதை ஆக்கிய, நாம் அண்டிரிக் அடிகளார் என்று குறிப்பிடும் ஹென்ரிக் ஹென்ரிகஸ் 1520இல் பிறந்தது இந்த ஊரில்தான். முத்துக்குளித்துறையில் வாழ்நாளைக் கழித்து, 1600இல் அங்கேயே இறந்தார். 1638இல் இவ்வூர் அரண்மனையில் பிறந்த காதரின், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸை மணந்தபோது சீதனமாகப் போனது பம்பாய். சலவைக்கல் முகப்பு 110 மீட்டர் நீளும் அந்த அரண்மனைக்கு முன்னால், நிழலே இல்லாத சதுக்கத்தில் நின்றுகொண்டு, இங்கிருந்து முத்துக்குளித்துறையின் புன்னைக்காயல்வரை ஹென்ரிகஸ் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எங்கள் டயர் துன்பம் சிறிதாகத்தான் தெரிந்தது. அரண்மனையோ அருங்காட்சியகமோ, திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் இடங்கள் பல என்பதால் முதல் நாளே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

உட்கார்ந்ததும் ரொட்டி, ஒலிவம், பாலாடைக்கட்டி என்று கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள். இவை இலவசமல்ல. தொட்டால் கட்டணம், தொடாவிட்டால் இல்லை. வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதில் யாருக்கும் வருத்தமும் இல்லை. ஒரு தட்டு இருவருக்குப் போதுமான அளவில் வருவதால், ‘மெய்யா தோஸ்’ என்று அரைப்பங்கு கேட்கலாம்.

அலென்தேஜுச் சமையலில் நம்மை வீட்டுக்குக் கொண்டுபோவது கொத்தமல்லித் தழை. இங்கே அதைக் கட்டுக்கட்டாகப் போடுகிறார்கள். ‘அசோர்தா’ என்ற உணவைக் கட்டாயம் கேளுங்கள்: பூண்டையும் கொத்தமல்லியையும் கல்லுப்போடு சேர்த்து இடித்துக் கிண்ணத்தில் இட்டு, ஒலிவ எண்ணெய் விட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி, முந்தின நாள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே நீரில் வேகவைத்த முட்டையை வைத்துத் தருவார்கள். நீர் பட்டதும் எழும் மணம் ரசம் தாளிக்கும் அடுப்படியை நினைவூட்டும். பழையதை வீணாக்காத ஏழை வீட்டுச் சமையல் அது, நம் பழையசோற்றுக்கு ஒரு வகையில் பங்காளி. சைவம் உண்பவர்கள் கவனிக்க: காய்கறி சூப்பிலும் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கலாம், அசோர்தாவிலேயே உப்பிட்ட மீன் சேர்ப்பதுண்டு. ‘செம் கார்ன, செம் பெய்ஷ’ என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். காப்பி என்று மட்டும் சொன்னால் விரலளவு கோப்பையில் கடுங்காப்பி வரும். கண்ணாடி டம்ளரில் பாலோடு வேண்டுமானால் ‘கலாவ்’ கேளுங்கள்.

மதிய உணவு இரண்டரைக்குப் பிறகு கிடைப்பது அரிது, இரவு உணவு ஏழரைக்கு முன் தொடங்காது. சிற்றூர்க் கடைகள் சிலவற்றில் வெளிநாட்டுக் கார்டு எடுபடாது. ஐம்பது யூரோவாவது சில்லறையாக வைத்திருங்கள். நன்றி சொல்லும்போது ஆண் ‘ஒப்ரிகாது’ என்றும் பெண் ‘ஒப்ரிகாதா’ என்றும் சொல்ல வேண்டும்.

ஏரியும் கடலும்

மொன்சராஸ் குன்றின் மேல் மதிலுக்குள் அடங்கிய ஊர், கார் வெளியேதான். கீழே விரிந்து கிடக்கும் அல்கேவா, 2002இல் குவாதியானா ஆற்றின் அணையை மூடியதில் உருவான ஏரி, நிரம்பினால் 250 சதுர கிலோமீட்டர். லூஸ் என்ற கிராமம் நீருக்குள் போனது. மக்களுக்கு அதே பெயரில் புது ஊர் கட்டித் தந்தார்கள். மாலை ஆறரைக்கு ஏரிக்கரை நீச்சல்துறையில் இறங்குங்கள். இரவு வானத்தைப் பார்க்காமல் படுக்காதீர்கள். விளக்கொளி குறைந்த இப்பகுதி, 2011 முதல் விண்மீன் பார்க்கும் சுற்றுலாவுக்குச் சான்று பெற்றது. குன்றிலிருந்து இரவில் இறங்கும்போது காட்டுப்பன்றி குறுக்கே வரலாம், மெதுவாக.

கடற்கரையில் விலா நோவா த மில்ஃபோன்தஸ் வசதியான ஊர். மொன்சராஸிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி ஓட்டம், பயணத்திலேயே நீளமானது, அதையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். வெயிலில் காய்ந்து வந்தவர்களுக்கு அங்கே வீசும் வடகாற்று விருந்து, ஆனால் அட்லாண்டிக் நீர் கோடையிலும் சில்லென்று இருக்கும். தெற்கே சார்தாவ் முனையில் வெண்நாரைகள் கடற்பாறைகளின் உச்சியில் கூடு கட்டியிருப்பதை விளிம்புக்குப் போகாமலே பார்க்கலாம். கடற்கரை நிறுத்தங்களில் காருக்குள் எந்தப் பையும் கண்ணில் படும்படி இருக்கக்கூடாது.

சிக்கல் வந்தால், காரைத் திருப்பித் தரும்போது

எல்லா அவசரத்துக்கும் எண் 112. கோடையில் காட்டுத்தீ பெரிய ஆபத்து: காய்ந்த புல்லின் மேல் சூடான வண்டியை நிறுத்தாதீர்கள், சிகரெட்டை எறியாதீர்கள், புகை தெரிந்தால் திசை மாற்றுங்கள். மருந்துக் கடைகளைப் பச்சைச் சிலுவை காட்டும். மூடியிருந்தால் அன்று இரவுப்பணியில் உள்ள கடையின் பெயர் கதவில் ஒட்டியிருக்கும். போலீஸ் நிறுத்தி அபராதம் விதித்தால் அங்கேயே கட்டச் சொல்வது இங்கே முறைதான். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மில்ஃபோன்தஸிலிருந்து லிஸ்பன் விமான நிலையம் இரண்டரை மணி நேரம். பாலத்து நெரிசலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள். நகருக்குள் நுழைவதற்கு முன்பே தொட்டியை நிரப்பி அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், எடுத்த அன்று செய்தபடி மறுபடியும் வீடியோ எடுங்கள், வண்டியைப் பார்த்தவர் சேதம் இல்லை என்று எழுதித் தரும் தாளைப் பெறாமல் சாவியைக் கொடுக்க வேண்டாம். சுங்கக் கட்டணங்கள் பல நாள் கழித்துத்தான் கார்டில் வந்து விழும் என்பதால், ஊர் திரும்பிய பிறகும் இரண்டு மாதம் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருங்கள்.